ஓட்டைப் பெரியப்பாவின் சொந்த வீடு

யார் வீட்டுக்குப் போனாலும் பெரியப்பா குனிந்து காலணியைக் கழற்றும்போதே கதவின் அடிப்பக்கத்தில் புறங்கையை வைத்துப் பார்த்துவிடுவார். காற்று பட்டால் முகம் மலரும். "இங்கயே ஒண்ணு இருக்கு" என்பார், தொலைத்த சாவி கிடைத்ததுபோல. கூப்பிட்டவர்களுக்குச் சங்கடமாக இருக்கும். எங்கள் குடும்பத்தில் அவர் பெயரே ஓட்டைப் பெரியப்பா. அவருடைய கொழுந்தியாளான என் அம்மா, தெருமுனையில் அவர் தலையைக் கண்டதும், "அத்தான் வர்றாரு, அந்த சன்னலை ஒழுங்காச் சாத்து, இல்லேன்னா மானம் போயிரும்" என்பாள்.

பழைய வீடுகளைக் குளிரும் வெக்கையும் அண்டாமல் திருத்தித் தருவது அவர் தொழில். பரணில் ஊர்ந்து போய்ப் பஞ்சுப் பட்டைகளை விரிப்பார். சுவரில் சிறு துளை போட்டுக் காகிதத் தூளைக் குழாய் வழியாக ஊதி நிரப்புவார். வேலைக்கு முன்பு வாசற்கதவில் சிவப்புத் துணிச் சட்டத்தோடு ஒரு பெரிய விசிறியைப் பொருத்தி, வீட்டுக்குள் இருக்கும் காற்றை வெளியே இழுக்க விடுவார். அப்போது வீட்டின் எல்லா இடுக்குகள் வழியாகவும் வெளிக்காற்று உள்ளே சீறும். கையில் புகைக்குழலோடு ஒவ்வொரு அறையாக நடப்பார். மெல்லிய வெள்ளைப் புகை எந்த இடத்தில் கலைகிறதோ அங்கே பென்சிலால் ஒரு வட்டம் போடுவார். வேலை முடிந்ததும் மறுபடி அதே விசிறி, அதே நடை. புகை அசையாமல் நின்றால் அன்று அவர் இரண்டு தேநீர் குடிப்பார்.

இப்படி ஊரார் வீட்டையெல்லாம் கதகதப்பாக்கியவரின் சொந்த வீட்டில், குளிர்காலத்தில் படுக்கையறைத் திரைச்சீலை தானாக ஆடும்.

பெரியம்மாவுக்கு நெஞ்சு சளி. ஒவ்வொரு குளிர்காலமும் அவள் இருமல் சத்தம் எங்கள் வீடு வரை கேட்கும். நாங்கள் பக்கத்துத் தெருவில்தான் இருந்தோம். ஒரு வருடம் இருமல் நிற்கவே இல்லை. தொலைவில் மாடிக் குடியிருப்பில் இருக்கும் மகள் வந்து, "குளிர் போறவரைக்கும் அம்மா என்கூட இருக்கட்டும்" என்று கூட்டிக்கொண்டு போனாள். குளிர் போனது. அங்கே பேரன் பிறந்தான். பிறகு அவன் தவழ்ந்தான், நடந்தான். இங்கே மறுபடியும் குளிர் வந்தது.

தினமும் சாயங்காலம் பெரியம்மா தொலைபேசியில் கூப்பிடுவாள். பெரியப்பா அதை மேசைமேல் வைத்து, சத்தமாகக் கேட்கும்படி போட்டுவிட்டுத்தான் பேசுவார். கையில் எப்போதும் ஏதாவது வேலை இருக்கும்.

"என்ன சாப்பிட்டீங்க?"

"ரொட்டி."

"நேத்தும் ரொட்டிதானே?"

"அது நேத்து ரொட்டி. இது இன்னைக்கு ரொட்டி."

"ஊர்ல இருக்கற சந்துபொந்தெல்லாம் அடைச்சீங்க. நம்ம கட்டிலுக்குப் பக்கத்துல வர்ற காத்து மட்டும் உங்களுக்கு என்ன, சொந்தக்காரனா?"

பெரியப்பா சிரிப்பார். "சரி பண்றேன். எல்லாத்தையும் சரி பண்ணிட்டுச் சொல்றேன்." பல மாதங்களாக அவர் சொல்லிவந்தது இந்த ஒன்றைத்தான். பேச்சு முடிந்த பிறகும் தொலைபேசியை உடனே எடுத்து உள்ளே வைக்கமாட்டார். திரை அணைந்து கறுப்பாகும்வரை பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்த ஆண்டு ஒரு புது விதி வந்தது. அரசு உதவியோடு நடக்கும் வீட்டுத் திருத்த வேலைகளை இனிச் சான்றிதழ் பெற்றவர்கள்தான் பொறுப்பேற்றுச் செய்யவேண்டும். பெரியப்பா அதுவரை வேறு ஒப்பந்தக்காரர்களின் பெயரில்தான் வேலை பார்த்தார். சான்றிதழுக்கு ஒரு எழுத்துத் தேர்வு உண்டு. அதற்கான புத்தகம் இன்னொரு மொழியில் இருந்ததால் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய் வாசித்துப் பொருள் சொல்வேன். அதில் தேறிவிட்டார். அடுத்தது செய்முறைத் தேர்வு. முதலிலிருந்து கடைசிவரை தன் பொறுப்பில் திருத்திய ஒரு வீட்டை, சோதிக்க வரும் தேர்வாளருக்குக் காட்டவேண்டும்.

"அடுத்தவன் பேர்ல செஞ்ச வீடு செல்லாதாம்மா" என்றார் என்னிடம். "அப்போ நம்ம வீடுதான்."

அதைச் சொன்னபோது குரலில் இருந்த சந்தோஷம் சான்றிதழுக்கானது மட்டுமாக எனக்குப் படவில்லை. வீடு கதகதப்பானால் பெரியம்மா வந்துவிடுவாள். அவர் கணக்கு அவ்வளவுதான்.

அவர் அப்படி வேலை செய்து நான் பார்த்ததில்லை. பகலெல்லாம் வெளிவேலை, வந்ததும் சொந்த வீட்டு வேலை. பரணில் முழங்கை உயரத்துக்குப் பஞ்சு. மின்சாரப் பெட்டிகளின் பின்னால், குழாய்கள் சுவரைத் துளைக்கும் இடங்களில், சன்னல் சட்டங்களைச் சுற்றி, எல்லா இடத்திலும் ஊதினால் இறுகிக்கொள்ளும் நுரையும் பசையும். படுக்கையறையில் பெரியம்மா படுக்கும் பக்கத்துச் சுவரை மட்டும் இரண்டு தடவை செய்தார். முதல் தடவையே புகை அசையவில்லையே என்று கேட்டேன். "அவளுக்குத் தெரியும், புகைக்குத் தெரியாது" என்றார்.

ஒரு நாள் திரைச்சீலை ஆடுவது நின்றது. அன்று மாலை தொலைபேசியில், "கட்டில் பக்கம் சரியாச்சு" என்றார்.

"ஓகோ" என்றாள் பெரியம்மா. பின்னால் பேரன் எதையோ தட்டிக்கொண்டிருந்தான். "வேற என்ன?"

"பரண் முடிஞ்சுது. இனி சமையலறைதான் பாக்கி."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? குளியலறை."

அவள் பேரனிடம் ஏதோ சொன்னாள். பிறகு, "சரி, வச்சிடவா?" என்றாள்.

தேர்வாளர் ஒரு நடுவயதுப் பெண். அதிகம் பேசாதவர். சோதனையைப் பார்க்க எனக்கும் அனுமதி கிடைத்தது. சிவப்புத் துணி விசிறியைப் பெரியப்பா பொருத்தி ஓட்டினார். காற்றுக்கசிவை அளக்கும் மானியைப் பார்த்துத் தேர்வாளரின் புருவம் உயர்ந்தது. "நல்லா இறுக்கியிருக்கீங்க." பெரியப்பா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

அடுத்தது அடுப்படியை ஒட்டிய அலமாரியில் இருந்த வெந்நீர் ஹீட்டர். எரிவாயுவில் எரிவது. எரிந்த புகை ஒரு தகரக் குழாய் வழியாகக் கூரைக்கு மேலே போகவேண்டும். வீடு இறுக்கமாகி, உள்ளே இருக்கும் விசிறிகள் காற்றை வெளியே தள்ளும்போது அந்தப் புகை மேலே போகாமல் உள்ளே திரும்பிவிடக்கூடும். அது கண்ணுக்குத் தெரியாத நஞ்சு. அதனால் எல்லா சன்னல்களையும் சாத்தி, எல்லா விசிறிகளையும் ஓட்டி, ஹீட்டரை எரியவிட்டுப் பார்ப்பது விதி. பெரியப்பா குளியலறை விசிறியைப் போட்டார். துணி உலர்த்தும் எந்திரத்தைப் போட்டார். ஹீட்டரைப் பற்றவைத்து, அதன் தலைப்பக்கத்தில் புகைக்குழலை நீட்டினார். புகை நல்ல பிள்ளையாக மேலே போனது.

"எல்லா விசிறியும் போட்டாச்சா?" என்றார் தேர்வாளர்.

"போட்டாச்சுங்க."

தேர்வாளர் அடுப்பருகே போய் அண்ணாந்து பார்த்தார். அடுப்புக்கு மேலே ஒரு பெரிய புகைபோக்கி விசிறி இருந்தது. வறுக்கும்போது நெடி தாங்கவில்லை என்று பெரியம்மா அடம்பிடித்து வாங்கியது. போட்டால் கப்பல் கிளம்புவதுபோல் இரையும். அதன் வாயில் நெகிழித் தாளை விரித்து, நான்கு ஓரமும் மடிப்பு விழாமல் நாடா ஒட்டியிருந்தது. பெரியப்பாவின் கைவேலைதான், அத்தனை சுத்தம்.

"இது என்ன?"

"அது வழியா காத்து வந்துச்சு. அதான் ஒட்டினேன். யாரும் போடறதில்ல."

"வீட்ல சமைக்கறதில்லையா?"

"வீட்டுக்காரி மக வீட்ல இருக்காங்க. இதெல்லாம் முடிஞ்சதும் வந்துருவாங்க."

"வந்தா சமைப்பாங்கல்ல?"

பெரியப்பா கையிலிருந்த புகைக்குழலைத் தாழ்த்தினார்.

தேர்வாளர் நாடாவை உரித்து, தாளை மடித்து அடுப்பு மேடையில் வைத்துவிட்டுப் பொத்தானை அழுத்தினார். கப்பல் கிளம்பியது. அந்தச் சத்தத்தை நான் கேட்டே வெகுகாலம் ஆகியிருந்தது. "இப்போ காட்டுங்க" என்றார். பெரியப்பா புகைக்குழலை ஹீட்டர் தலைப்பக்கம் கொண்டுபோனார். வெள்ளைப் புகை ஒரு கணம் தயங்கியது. பிறகு மேலே போவதை விட்டுக் கீழே சுருண்டு, அறைக்குள், அவருடைய முகத்தை நோக்கி வந்தது.

ஹீட்டரை அவரே அணைத்தார். தேர்வாளர் சொல்வதற்கு எதுவும் மிச்சம் இருக்கவில்லை. இருந்தாலும் சொன்னார்: "வேலை நல்ல வேலை. ஆனா இதுக்கு என்னால கையெழுத்துப் போட முடியாது. சரி பண்ணிட்டுக் கூப்பிடுங்க."

அவர் போன பிறகு பெரியப்பா அந்த நெகிழித் தாளைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு சமையலறையிலேயே நின்றார்.

"வந்த அன்னைக்கே இதைக் கிழிச்சுட்டு, விசிறியைப் போட்டு அடுப்பைப் பத்தவச்சிருப்பா. பயணம் பண்ணி வந்திருக்காளே, குளிக்கட்டும்னு நானே ஹீட்டரைப் போட்டிருப்பேன்." அண்ணாந்து விசிறியைப் பார்த்தார். "அவளுக்குன்னு இத்தனையும் செஞ்சுட்டு, அவ வந்து நிக்கற இடத்தையே ஒட்டி வச்சிருக்கேன் பாரு."

நான் தேநீர் போட்டேன். ஒரு குவளைதான் குடித்தார்.

பழைய ஹீட்டரைக் கழற்றிவிட்டு வேறு வகை ஒன்றை மாட்டினார். அது எரிவதற்கான காற்றைத் தனிக்குழாயில் வெளியிலிருந்தே எடுத்துக்கொள்ளும், புகையையும் அப்படியே வெளியே விடும். வீட்டுக் காற்றை அது தொடாது. அதற்காக, அத்தனை பாடுபட்டு அடைத்த சுவரில் அவரே ஒரு ஓட்டை போடவேண்டியிருந்தது. "பேருக்கேத்த வேலை" என்றாள் அம்மா.

இன்னொன்றும் செய்தார். தினமும் சமைக்க ஆரம்பித்தார். விசிறி ஓடும் வீடு எப்படி இருக்கிறது என்று பார்க்கவேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். முதல் நாள் மாலை தொலைபேசி வந்தபோது அவர் அடுப்பின் முன்னால் நின்றிருந்தார்.

"என்ன சத்தம் அது?" என்றாள் பெரியம்மா.

"விசிறி."

"என் விசிறியா?"

"உன் விசிறிதான். வெங்காயம் வதக்கறேன்."

"நீங்களா! தீயைக் குறைங்க முதல்ல. கறுகற சத்தம் எனக்கு இங்க கேக்குது."

அன்று ரொட்டியைப் பற்றிப் பேச்சே வரவில்லை. அதன் பிறகு மாலைப் பேச்சு நீண்டது. உப்பு எவ்வளவு, மூடி போடவா வேண்டாமா, பாத்திரம் அடிப்பிடித்தால் என்ன செய்ய. விசிறியின் இரைச்சலுக்கு மேலே இரண்டு பேரும் கத்திப் பேசிக்கொள்வார்கள். நான் என் வீட்டுக்குக் கிளம்பும்போதும் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். திரும்பிப் பார்த்தால், கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் எதிரே நிற்பதுபோலத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருப்பார்.

தேர்வாளர் மறுபடி வந்தார். இந்த முறை பெரியப்பா முதலில் போட்டது சமையலறை விசிறியைத்தான். எல்லாம் சரியாக இருந்தது. கையெழுத்து விழுந்தது. சான்றிதழும் சில நாட்களில் வந்தது. கெட்டியான தாளில் அவர் முழுப்பெயர். எங்கள் வீட்டில் பாதிப் பேருக்கு அப்போதுதான் அந்தப் பெயர் தெரியும்.

அன்று மாலை அவரே பெரியம்மாவைக் கூப்பிட்டார்.

"கிடைச்சிருச்சு."

"நல்லதுங்க. எனக்குத் தெரியும் கிடைக்கும்னு." குரலில் உண்மையான சந்தோஷம் இருந்தது. பெரியப்பா காத்திருந்தார். வெளியே நல்ல காற்று. சன்னலுக்கு அப்பால் மரங்கள் ஆடின. உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

"எல்லாம் முடிஞ்சுது" என்றார் மறுபடியும். "ஒரு இடத்துலயும் காத்து வரல. பரண், கட்டில் பக்கம், எல்லாம்."

"சரிங்க."

இனி அடைப்பதற்கு எதுவும் இல்லை. குளிரைச் சொல்லவும் வழியில்லை. அவர் கை மேசைமேல் எதையோ தேடியது. எடுத்துக்கொள்ள ஒரு வேலையும் அங்கே இருக்கவில்லை.

"நீ இல்லாம இந்த வீட்ல இருக்க முடியல" என்றார். "வந்துடேன்."

அந்தப் பக்கம் பேரன் தட்டும் சத்தம் நின்றது.

"இத்தனை நாளா சுவரைப் பத்திச் சொன்னீங்க, பரணைப் பத்திச் சொன்னீங்க" என்றாள் பெரியம்மா. "வான்னு இன்னைக்குத்தான் கூப்பிடறீங்க."

"வீட்டைச் சரி பண்ணாம எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கூப்பிடறது?"

"நல்ல மூஞ்சி." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "மக கிட்ட பேசிட்டுச் சொல்றேன். பையனை விட்டுட்டு வர்றது கஷ்டமாத்தான் இருக்கும். இருந்தாலும் வர்றேன்."

"எப்போ?"

"வர்றேங்க. வச்சிடாதீங்க, கொஞ்சம் இருங்க. அந்த விசிறியைப் போடுங்க."

"இப்பவா? அடுப்பு எரியலையே."

"பரவாயில்ல. போடுங்க."

பெரியப்பா எழுந்துபோய்ப் பொத்தானை அழுத்தினார். திரும்பி வந்து உட்காரவில்லை. தொலைபேசியை எடுத்துக்கொண்டு போய் விசிறிக்குக் கீழே பிடித்தபடி நின்றார்.