உப்பு தின்னாத ஹாரன்

ஆட்டுக்குட்டியின் தொண்டையில் ஆணி சிக்கிக்கொண்டால் எப்படிக் கத்தும்? போன வாரம் ஈ.சி.ஆரில், கீழ்புத்துப்பட்டு தாண்டி, என் முதுகுக்குப் பின்னால் அப்படி ஒரு ஹாரன் சத்தம். ஏதோ ஒரு பழைய டெம்போ, வழி கேட்கிறது.

ஒதுங்க வேண்டியதுதானே? நான் ஒதுங்கவில்லை. ரோட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வண்டியை அப்படியே நிறுத்திவிட்டுக் கடல் இருக்கும் பக்கம் பார்த்தேன்...

கடல் தன் இடத்தில்தான் இருந்தது.

டெம்போக்காரர் பக்கத்தில் வந்து, "யோவ் பெருசு, பீச்சப் பாக்கணும்னா ஓரமா நின்னு பாருய்யா!" என்று சொல்லிவிட்டுப் போனார். நியாயமான பேச்சு. அவருக்கு விளக்கம் சொல்ல ரோட்டில் இடமில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

எனக்கு ஒரு புல்லட் ஆசை இருந்தது. ஷோரூமில் பளபளக்கிற இன்றைய வண்டி இல்லை. வலது காலில் கியரும் இடது காலில் பிரேக்கும் வைத்த அந்தக் காலத்து வண்டி. திண்டிவனத்தில் கல்லூரி படித்தபோது டீக்கடை வாசலில் நின்று, அது தெருமுனை திரும்பிய பிறகும் காதாலேயே துரத்திக்கொண்டு போயிருக்கிறேன். அதற்குப் பிறகு வேலை வந்தது, கல்யாணம் வந்தது, மூன்று ஸ்கூட்டர்கள் வந்து போயின. ஆசை மட்டும் ஸ்டாண்ட் போட்டு நின்ற இடத்திலேயே நின்றது.

"முட்டிக்கு எண்ணெய் நீவற வயசுல கிக்கர் மிதிக்கப் போறீங்களா?" என்று கேட்டார் என் மனைவி. முட்டியை யார் கேட்டார்கள்?

போன வருஷம், சுனாமி வந்து போன அடுத்த வெயிலில், மரக்காணத்தில் ஒரு வண்டி கிடக்கிறது என்று தகவல் வந்தது. போனேன். ஜமீலா அக்காவின் உப்பளம் அது. கணவர் ஜமால் பாய் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் போன பிறகு இவர் பார்க்கிறார். கரையோரக் கொட்டகையின் கதவைத் தள்ளினார்.

இருட்டுக்குள் வெள்ளையாக ஏதோ நின்றது.

முதலில் யாரோ துணி போர்த்தி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். தொட்டால் விரல் நமைத்தது. உப்பு. டேங்க் மேல், ஸ்போக் மேல், ஹேண்டில்பாரின் நுனிவரை உப்பு பூத்திருந்தது. உழவர் சந்தைக் காலிஃப்ளவர் மாதிரி என்று சொல்லலாம்தான். ஆனால் காலிஃப்ளவர் வியர்க்காது. இது வியர்த்தது. காற்றில் ஈரம் ஏறினால் நனையும், வெயில் ஏறினால் காயும் என்றார் அக்கா. உள்ளே ஏதோ மூச்சு விட்டுக்கொண்டிருக்கிற மாதிரி...

"கடல் வந்த அன்னிக்கு வண்டியோட போனாரு தம்பி. வண்டி பாத்தியில கெடந்திச்சி. அவரு அந்தாண்ட முள்ளுப் புதர்ல. அடக்கம் பண்ணிட்டோம். வண்டிய எங்க அடக்கம் பண்றது?"

"ஏங்க்கா விக்கிறீங்க?"

"இங்க இருந்தா உப்பு தின்னுடும். எனக்கும் பாத்தியில ஏறன கடல் சேத்த வாரணும். அடுத்த சீசன்லயாச்சும் உப்பு எடுக்கணும் தம்பி. இல்லன்னா அளத்த விட்டுட்டு எம்புள்ளகிட்ட துபாய்க்குப் போயி, ஏ.சி. ரூம்ல குந்திக்கினு செவுத்தப் பாக்க வேண்டியதுதான்."

விலை பேசி முடித்த பிறகு ஒன்று கேட்டார். "ஹாரன் அடிக்குதான்னு பாப்பியா?"

எனக்கு விநோதமாக இருந்தது. இன்ஜினே கல்லாக உறைந்து கிடக்கும் வண்டியில் ஹாரனா? அவர் சொன்னார்: உப்பளத்தில் மழைதான் எமன். திறந்து கிடக்கிற உப்பு அம்பாரம் ஒரு மழையில் கரைந்து ஓடிவிடும். மேற்கே கறுத்தால் ஜமால் பாய் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டே கரைமேல் வருவார். சத்தம் கேட்டதும் பாத்தியில் இருப்பவர்கள் உப்பு இழுக்கும் பலகையைப் போட்டுவிட்டு மேட்டுக்கு ஓடி, அம்பாரத்தைப் பனங்கீற்று போட்டு மூடுவார்கள். ஏன், எதற்கு என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். கேட்க நேரமிருக்காது.

"வண்டி ஓடுச்சின்னா ஒருவாட்டி கொண்டாந்து காட்டு தம்பி" என்றார். அது ஒன்றுதான் அவர் போட்ட கண்டிஷன்.

குயிலாப்பாளையத்தில் ஏழுமலை என்று ஒரு மெக்கானிக். ஆரோவில் வெள்ளைக்காரர்களின் பழைய புல்லட்டுகளைத் தட்டிக்கொட்டியே முடி நரைத்தவர். என் வண்டி டெம்போவிலிருந்து இறங்கியதும் இடுப்பில் கைவைத்துக்கொண்டு சுற்றி வந்தார்.

"சார், இத ரிப்பேருக்குக் கொண்டாந்தீங்களா, ஊறுகாய்க்குக் கொண்டாந்தீங்களா?"

பல மாதங்கள் ஆயின. பிஸ்டன் வெளியே வந்தது. சிலிண்டரைச் சுரண்டினால் உப்பு, கார்புரேட்டரைத் தட்டினால் உப்பு. ஒவ்வொரு பாகமாக மண்ணெண்ணெயில் ஊறியது. என் சட்டையில் ஏறிய அந்த வாசனையை மனைவியால் எந்த சோப்பைப் போட்டும் விரட்ட முடியவில்லை.

ஒருநாள் ஏழுமலை சும்மா, விளையாட்டுக்கு, ஹாரன் ஒயரை பேட்டரியில் வைத்தார்.

கத்தியது!

அத்தனை மாதம் உப்பில் கிடந்த ஹாரன். தகடு துரு ஏறி, விளிம்பு பிய்ந்து... ஆனால் கத்தியது. தொண்டையில் ஆணி சிக்கிய அந்தக் குரல். ஏழுமலை ஒயரை உதறினார்.

"இன்ஜின் செத்துப்போச்சி. வயரிங் செத்துப்போச்சி. இது மட்டும் எப்புடி சார் உசுரோட இருக்குது?"

"விடுங்க, நல்லதுதானே."

"நல்லது இல்ல சார். சுவிட்ச்சுக்குள்ள உப்பு பூந்திருக்குது. காத்துல ஈரம் ஏறுச்சின்னா தானா கத்தும். தூக்கிப் போட்டுட்டு புதுசு மாட்டிக்கலாம்."

கேட்டேனா? பழைய வண்டி வைத்திருப்பவனுக்கு ஒரு நோய் உண்டு. அதன் பெயர் 'ஒரிஜினல்'. துருப்பிடித்த நட்டைக்கூடத் தங்கம் மாதிரி பொத்தி வைக்கச் சொல்லும் நோய். "ஒரிஜினல் ஹாரன் ஏழுமலை, இருக்கட்டும்" என்றேன்.

ஒரு மத்தியானம், வண்டி முழுதாகச் சேர்ந்து நின்றபோது, யாரும் தொடாமலே அது கத்தியது. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. ஏழுமலை ஓடிப்போய் ஒயரைப் பிடுங்கினார். சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் மழை பெய்தது. மறுநாள் நான் போனபோது ஹேண்டில்பாரில் எலுமிச்சம்பழம் தொங்கியது.

"பாய் வண்டிக்கு எலுமிச்சம்பழமா ஏழுமலை?"

"பயம் எனக்குத்தான சார்? பாய்க்கா?"

இந்த வருஷ மே மாதம். ஒரு மத்தியானம் வடக்கே கிளம்பினேன். கால் தப்பாகப் பிரேக்கைத் தேடியது, மனசு மட்டும் கல்லூரிப் பையன். டப்... டப்... டப்... இருபக்கமும் சவுக்கு. அப்புறம் மரம் முடிந்து வெறும் வெளி. கண்ணாடித் துண்டுகளைப் பரப்பியது போல் பாத்திகள். அந்த வெளியில் ஒலிக்கு ஒளிந்துகொள்ள இடம் கிடையாது. ஆள் வருவதற்கு எவ்வளவோ முன்னாலேயே சத்தம் வந்துவிடும்.

மேட்டின்மேல் அம்பாரம் எழும்பியிருந்தது. சேற்றை வாரி, பாத்தியை மிதித்துக் கெட்டிப்படுத்தி, கடலுக்குப் பிறகு ஜமீலா அக்கா எடுத்த முதல் உப்பு. மறுநாள் லாரி வருகிறது என்று போனில் சொல்லியிருந்தார். அதனால் கீற்று பிரித்துக் கீழே கிடந்தது. இது நல்லபடியாக லாரி ஏறினால் அளம் அவர் கையில் நிற்கும். இல்லையென்றால் துபாய், ஏ.சி., சுவர்.

கரைமேல் வண்டியைத் திருப்பினேன். பெண்கள் தலையில் கூடையோடு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். ஆண்கள் பலகையால் உப்பை இழுத்துக்கொண்டிருந்தார்கள். தலைக்கு மேல் வானம் வெளுத்த வேட்டி மாதிரி.

ஹாரன் கத்தியது.

நான் தொடவில்லை. சத்தியமாகத் தொடவில்லை. சுவிட்சைத் தட்டினேன், இன்ஜினை நிறுத்தினேன். நிற்கவில்லை. அந்த வெட்டவெளி முழுக்க அது ஒன்றுதான் குரல்.

கூடைகள் விழுந்தன. பலகைகள் விழுந்தன. எல்லோரும் ஓடினார்கள்... மேட்டுக்கு. அம்பாரத்தின்மேலேயே ஏறினார்கள். முழங்கால்வரை உப்பில் புதைந்து நின்றார்கள்.

கீற்றை எடுப்பார்கள் என்று பார்த்தேன். ஒருவரும் எடுக்கவில்லை. வானத்தைப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் பார்க்கவில்லை.

எல்லோரும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கிழக்கே, சவுக்குக்கு அந்தாண்டை இருக்கும் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு பேச்சில்லை. ஒரு இருமல் இல்லை. ஹாரன் கத்துகிறது. வெள்ளை மேட்டில் அத்தனை பேர் அசையாமல் நிற்கிறார்கள். நடுப்பகல் வெயிலில் எனக்கு உடம்பெல்லாம் சில்லிட்டது.

நிஜமாகவே சில்லிட்டது. பிடரியில் குளிர்ந்த காற்று. திரும்பினேன். மேற்கே, எங்கள் அத்தனை பேருக்கும் பின்னால், வானம் தார் பூசியதுபோல் கறுத்து வந்துகொண்டிருந்தது.

"மழை! மழை வருது!" என்று கத்தினேன். ஹாரன் என் குரலை விழுங்கியது. ஒரு முதுகுகூடத் திரும்பவில்லை.

கொட்டகையிலிருந்து ஜமீலா அக்கா ஓடிவந்தார். முக்காடு தோளில் கிடந்தது. ஒரு கீற்றை இழுத்துக்கொண்டு மேட்டில் ஏறியபடியே கத்தினார்:

"ஏ கன்னியம்மா! கடல் இல்லடி! கடல் இல்ல! மேல பாரு... மழைடி!"

முன்னால் நின்ற கன்னியம்மா முதலில் திரும்பினார். தூங்கி எழுந்த முகம். அப்புறம் ஒவ்வொரு முகமாகத் திரும்பியது. அதற்குமேல் நான் விவரிக்க வேண்டியதில்லை... கீற்று, கயிறு, கல், கத்தல், வசவு. "ஏம்பா புல்லட்டு, வேடிக்கையா பாக்கற? தூக்கு!" என்று யாரோ அதட்ட, நானும் தூக்கினேன். கடைசிக் கீற்று விழவும் மழை விழவும் சரியாக இருந்தது.

முதல் துளிகள் பட்டதும் ஹாரன் தானாக நின்றது.

ஓரமாகக் கொஞ்சம் உப்பு பால் மாதிரி கரைந்து ஓடியது. மற்றதெல்லாம் தப்பியது. மறுநாள் லாரி வந்து ஏற்றிப் போயிற்று. துபாய் பேச்சு நின்றது.

கொட்டகையில் எல்லோரும் ஒதுங்கினோம். கன்னியம்மா முந்தானையைப் பிழிந்துகொண்டே என்னைப் பார்த்தார்.

"பயந்துட்டியா சார்?"

"ஏன் எல்லாரும் கடலைப் பாத்தீங்க?"

"அன்னிக்கும் இப்புடித்தான். லோடு ஏத்தறதுக்கு கீத்த பிரிச்சிப் போட்டிருந்தோம். நாங்க கீழ பாத்தியில இருக்கறோம். பாய் ஹாரன வுடாம அடிச்சிக்கினு கரைமேல வர்றாரு. வானம் பளிச்சினு இருக்குது. காலங்காத்தால பாய்க்குப் பைத்தியம் புடிச்சிடுச்சான்னு திட்டிக்கினே உப்ப மூட ஓடனோம். மேட்டுல ஏறித் திரும்பிப் பாத்தா... நாங்க நின்ன பாத்தியக் காணோம் சார். எல்லாம் தண்ணி."

முந்தானையை உதறினார். கூரையில் மழை.

"பாய் வந்த கரையையும் காணோம்."

"அவருக்குத் தெரிஞ்சிருக்குமா? கடல்னு?"

"ஹாரனுக்கு ரெண்டு பேச்சு தெரியுமா சார்? அடிச்சா நாங்க மேட்டுக்கு ஓடுவோம்னு அவருக்குத் தெரியும். அது போதாதா?"

ஒரு வண்டியை ரிப்பேருக்கு விடும்போது பிஸ்டனுக்கு எஸ்டிமேட் போடுகிறோம். பெயின்டுக்குப் போடுகிறோம். அதோடு சேர்ந்து எதெல்லாம் எழுந்து வரும் என்று எந்த மெக்கானிக் எழுதித் தருகிறார்?

மழை விட்டது. கிளம்பினேன். ஜமீலா அக்கா வண்டியைச் சுற்றி வந்தார். டேங்க்கைத் தடவவில்லை, கண் கலங்கவில்லை. பெயின்ட் நல்லா வந்திருக்குது என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. வண்டி உங்களிடமே இருக்கட்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். பாதி மனசோடுதான்... பொய் சொல்லக் கூடாது. வார்த்தை வெளியே வருவதற்குள் அவர் கொட்டகைச் சுவரில் தொங்கிய ஸ்பேனரை எடுத்து என்னிடம் நீட்டிவிட்டார்.

"வண்டி உன்னுது தம்பி, நல்லா ஓட்டு. ஹாரன மட்டும் கழட்டிக் குடுத்துட்டுப் போ... அது எங்கள கூப்புடறது."