ஞானசவுந்தரி அக்கா கீரை தின்பதில்லை

ஞானசவுந்தரி அக்காவைப் போல என் பொறுமையைச் சோதித்த நோயாளி வேறு யாருமில்லை. பதினாறு வருடத் தாதி வேலையில் ஊசியைக் கண்டு மதில் பாய்ந்தவர்களையும், வார்ட்டுக் கட்டிலில் இருந்து சுருட்டுப் பற்றியவர்களையும் பார்த்துவிட்டேன். அவர்களோடு வாய் காட்டலாம். இவரோடு அதுவும் முடியாது. எதைக் கேட்டாலும் முகத்தை நேராகப் பார்த்து அமைதியாக ஒரு "இல்லை" சொல்லுவார். எனக்கு உச்சியில் ஏறும்.

அவருக்கு ஐம்பத்தொரு வயது. வீடு ஊர்காவற்றுறைப் பக்கம், கடலோரம். கணவர் பஸ்ரியாம்பிள்ளை கடற்தொழிலாளி. அவர் வள்ளத்தைக் கரையில் ஏற்றும்போது மீனைத் தரம் பிரிக்க ஓலைக் கடகத்தோடு அக்கா நிற்பார். மீன் விலை பேச வருகிறவர்கள் பஸ்ரியாம்பிள்ளையோடு பேசுவதில்லை, அக்காவோடுதான் பேசுவார்கள். அவர் ஒரு விலை சொன்னால் அதுதான் விலை. கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். மருந்து விஷயத்திலும் அப்படித்தான் இருந்திருக்கிறார். அதை விளங்கிக்கொள்ள எனக்கு நாலு வருடம் பிடித்தது.

வருத்தம் பன்னிரண்டு வயதில் தொடங்கியது. முதலில் தொண்டை நோவு. மூன்று கிழமை கழித்துக் காய்ச்சலோடு வலது முழங்கால் வீங்கியது. அது வற்ற, இடது கணுக்கால். அதுவும் வற்ற, மணிக்கட்டு. தொண்டை நோவுக்குப் பிறகு இப்படி மூட்டுக்கு மூட்டு நோ இடம் மாறினால் வாதக்காய்ச்சலை நினை, இதயத்தைப் பார் என்று எங்களுக்கு முதலாம் வருடத்திலேயே படிப்பிப்பார்கள். வீட்டுக்காரர்களுக்கு யார் படிப்பித்தது? "வாய்வு ஓடித் திரியுது" என்று உள்ளிப்பூண்டு அவித்துக் கொடுத்து எண்ணெய் பூசினார்கள். நோவும் போய்விட்டது. எல்லோரும் எண்ணெயைப் புகழ்ந்தார்கள். பிறகு ஒரு டொக்டர் கண்டுபிடித்து மாதாமாதம் ஊசி போடச் சொன்னார். ஏழெட்டு ஊசியோடு சண்டையால் இடப்பெயர்வு வந்தது. ஊசியும் நின்றது.

இதயத்தின் இடப்பக்கத்து வால்வு மெல்ல மெல்லத் தடித்துச் சுருங்கியிருக்கிறது. நாற்பது வயதில் கிணற்றில் ஒரு வாளி தண்ணீர் அள்ளினால் மூச்சு வாங்கியது. நிமிர்ந்து படுக்க முடியவில்லை. கன்னம் இரண்டும் சிவந்திருந்ததைப் பார்த்துச் சொந்தக்காரர்கள் உடம்பு தேறிவிட்டது என்றார்களாம். அந்தச் சிவப்பும் வால்வு காட்டும் ஒரு குறிதான். கடைசியில் கொழும்பில் நெஞ்சைத் திறந்து உலோக வால்வு வைத்தார்கள். அது கடிகாரம் போல டிக், டிக் என்று அடிக்கும். கோவிலில் எல்லோரும் முழந்தாளில் நின்று மௌனமாகச் செபிக்கும்போது பக்கத்து வரிசைக்கும் கேட்குமாம்.

உலோக வால்வு வைத்தவர்கள் சாகும்வரை இரத்தம் உறையாமலிருக்கும் குளிசை எடுக்க வேண்டும். அளவு சரியா என்று பார்க்க மாதம் ஒருமுறை இரத்தம் எடுப்போம். வருகிற எண் சாதாரண ஆளுக்கு ஒன்று. அக்காவுக்கு இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் நிற்க வேண்டும். கூடினால் பல் முரசாலும் மூக்காலும் இரத்தம் வடியும். குறைந்தால் வால்வில் இரத்தக்கட்டி பிடிக்கும். கட்டி பிடித்து வால்வு இறுகினால் ஆள் தப்புவது கஷ்டம்.

இதில்தான் என் தலையிடி. வருடத்தில் பத்து மாதம் அக்காவின் எண் சொன்ன சொல் கேட்கும். மாசி கடைசியில் சரியத் தொடங்கும். பங்குனியில் ஒன்று தசம் ஏழு, ஒன்று தசம் ஆறு. டொக்டர் குளிசையைக் கூட்டுவார். உயிர்த்த ஞாயிறு முடிந்து இரண்டு கிழமையில் அதே எண் ஆறுக்கு ஏறி நிற்கும். முரசில் இரத்தத்தோடு அக்கா வருவார். திரும்பக் குறைப்போம். மூன்று வருடமும் இதே கூத்து.

காரணத்தை நான்தான் கண்டுபிடித்தேன் என்று வேறு எனக்குப் பெருமை. தவக்காலம். நாற்பது நாளும் அந்த வீட்டில் மீனில்லை, இறைச்சியில்லை. மச்ச மாமிசத்தை விடுகிற மனுசி குளிசையையும் சேர்த்து விட்டுவிடுகிறார் என்று முடிவு கட்டினேன். ஒவ்வொரு மாதமும் கிளினிக் தாளைப் பார்த்து அவரிடம் கேட்கிற மூன்று கேள்வி இருக்கிறது. குளிசை விட்டனீங்களோ? வேறு மருந்து எடுத்தனீங்களோ? கீரை சாப்பிட்டனீங்களோ? மூன்றுக்கும் இல்லை. வெறுமையான குளிசை அட்டைகளைக் கொண்டுவந்து மேசையில் பரப்பிக் காட்டினார். குளிசையைக் கோழிக்குப் போட்டிருப்பார் என்று நினைத்தேன். பின்னேரம் ஆறு மணிக்குத் தானே கையில் வைத்துக் கொடுப்பதாகப் பஸ்ரியாம்பிள்ளை சத்தியம் பண்ணினார். புருசனும் சேர்ந்து பொய் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். பத்து நோயாளிகள் வாங்கில் வரிசையாக இருந்து பார்க்க, உங்களுக்குச் சாக விருப்பம் என்றால் எங்களை ஏன் மினக்கெடுத்துகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டும் விட்டேன். அக்கா அட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் வைத்தார்.

இந்த வருடம் பெரிய வெள்ளிக்கு ஒரு கிழமை இருக்கையில், கிளினிக் இல்லாத நாளில், மத்தியானம் அவரும் கணவரும் ஓட்டோவில் வந்து இறங்கினார்கள். வாசலிலிருந்து என் மேசைக்கு வர அக்கா மூன்று இடத்தில் நின்றார்.

"பிள்ளை, நெஞ்சுச் சத்தம் அமந்து போச்சு. காலமை கோயிலில எனக்கே கேக்கேல்லை."

குழாயை நெஞ்சில் வைத்துக் கேட்டேன். எப்போதும் காதில் வந்து குத்துகிற டிக் இல்லை. துணிக்குள் பொத்தி வைத்த மாதிரி ஏதோ ஒன்று தூரத்தில் கேட்டது. இரண்டு நாளைக்கு முன் எடுத்த இரத்தத்தின் முடிவு அன்றுதான் வந்திருந்தது. ஒன்று தசம் நாலு. டொக்டர் அம்புலன்சை எடுக்கச் சொல்லிவிட்டுக் கடிதம் எழுதினார். எழுதும்போதே காரணம் என்ன என்று என்னைக் கேட்டார். குளிசை ஒழுங்காக எடுப்பதில்லை என்று சொன்னேன். அப்படியே எழுதினார்.

யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்கு அக்காவோடும் கணவரோடும் நான் போனேன். படுக்க முடியாமல் அக்கா நிமிர்ந்து இருந்தார். ஒட்சிசன் முகமூடிக்குள் மூச்சு இழுத்தது. எனக்குப் பயத்தை விடக் கோபம் கூட. இவ்வளவு சொல்லியும் கேட்காமல் இப்படிச் செய்துவிட்டாரே என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் பஸ்ரியாம்பிள்ளை, காலையிலிருந்து அவர் ஒன்றும் சாப்பிடவில்லை, ஒரு வாய் கொடுக்கலாமோ என்று கேட்டபடி மடியிலிருந்த சோற்றுப் பார்சலை அவிழ்த்தார். கொடுக்க வேண்டாம் என்று சொல்லத் திரும்பினேன். சோறு, பருப்பு, மிச்சப் பாதி முழுக்கப் பச்சை. முருங்கையிலை வறை.

"இது என்ன?" என்றேன்.

"தபசு நாளுக்கு வேற என்ன பிள்ளை? வளவில ரெண்டு மரம் நிக்குது. ரெண்டு நேரமும் இதுதான்."

நான் அக்காவைப் பார்த்தேன். "கீரை சாப்பிடுறேல்லை எண்டு நாலு வருசமாச் சொன்னனீங்களே?"

அவர் முகமூடியை ஒரு விரலால் தூக்கினார்.

"கீரை தின்னுறேல்லை. இது இலையெல்லே. இலையை நீர் கேக்கேல்லையே."

என்னை நானே அறைந்திருக்கலாம். நானும் அதே தீவில், சரவணையில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் குசினியிலும் அது முருங்கையிலைதான். கீரை என்றால் சந்தையில் பிடியாகக் கட்டி விற்பது, கடைந்து சாப்பிடுவது. முருங்கையைக் கீரை என்று எங்கள் ஊரில் ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை. கிளினிக் தாளை எந்த ஊர்த் தமிழில் யார் எழுதினார்களோ, "கீரை வகைகள்" என்று போட்டிருந்தார்கள். நானும் வெள்ளை உடுப்பைப் போட்டுக்கொண்டு கிளிப்பிள்ளை மாதிரி அதையே கேட்டிருக்கிறேன். பச்சை இலையில் உள்ள ஒரு சத்து அந்தக் குளிசையின் வேலையை முறிக்கும். அக்கா ஒரு குளிசையும் விடவில்லை. நாற்பது நாள் இரண்டு நேரமும் இலை தின்ன, குளிசை தோற்றது. தவக்காலம் முடிந்து மீனுக்குத் திரும்பியதும் நாங்கள் கூட்டிவிட்ட குளிசை முரசில் இரத்தமாக வந்தது. எண்கள் ஒவ்வொரு வருடமும் உண்மையைத்தான் சொல்லின. அக்காவும்தான்.

அதை அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். ஆஸ்பத்திரி வாசலில் தள்ளுவண்டி வந்தது, கடிதத்தை வாங்கினார்கள், உள்ளே கொண்டு ஓடினார்கள். சாரதி அவசரப்படுத்தினார். இதெல்லாம் நான் சொல்லும் சாட்டு. நாலு வருடம் நான் பிழையாகக் கேட்டேன் என்று முன்பின் தெரியாத டொக்டரிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

கட்டியைக் கரைக்கும் மருந்தை ஏற்றினார்கள். முதல் நாள் அவர் பிழைப்பாரா என்று யாரும் உறுதி சொல்லவில்லை. இரண்டாம் நாள் மாலை பஸ்ரியாம்பிள்ளை போன் எடுத்து, சத்தம் திரும்பக் கேட்குது என்று சொல்லிவிட்டு அழுதார். மூன்றாம் நாள் எனக்கு லீவு. முதல் பஸ்ஸில் போனேன்.

வார்ட்டுக்குள் நான் நுழையும்போது இதய டொக்டர் அக்காவின் கட்டிலடியில் நின்றார். கையில் எங்கள் கடிதம். சுற்றிவர ஐந்தாறு மாணவர்கள். அவர் தன்மையான மனிதர், குரலை உயர்த்தவில்லை. இதோடு தப்பிவிட்டீர்கள், அடுத்த முறை தப்ப மாட்டீர்கள், இனியாவது உண்மையைச் சொல்லுங்கள், குளிசையை இடைக்கிடை விட்டீர்களா என்று கேட்டார்.

அக்கா அவரைப் பார்க்கவில்லை. முதல் தடவையாக அக்காவின் முகம் குனிந்திருக்கக் கண்டேன். போர்வையின் கரையை விரலால் மடித்தார், விரித்தார்.

"ஓம் டொக்டர்," என்றார். "விட்டனான்."

விலையில் ஒரு ரூபாய் இறங்காத மனுசி. நாலு வருடமாக வாங்கில் இருந்தவர்கள் கேட்க நான் பேசின பேச்சு, கடைசியில் அவரை அந்தப் பொய்யைச் சொல்ல வைத்துவிட்டது. டொக்டர் தலையை ஆட்டிவிட்டுப் பேனையை எடுத்தார்.

"எழுதாதேங்கோ டொக்டர்," என்றேன். "அவ ஒரு நாளும் விடேல்லை."

எல்லோரும் திரும்பினார்கள். நீங்கள் யார், சொந்தக்காரரா என்று டொக்டர் கேட்டார். இல்லை என்றேன். அவரைப் பிழையாகக் கேட்ட தாதி நான்தான் என்று சொன்னேன்.