பனிச் சரிவில் அண்ணன் மிதித்த பிரேக்

சவூதியில் பனி கொட்டும் என்று சொன்னால் என் அம்மாவே நம்புவதில்லை. “மார்கழி மாசத்துப் பனியா?” என்பாள். நான் தபூக் பக்கம், ஒரு மலையடிவாரச் சிற்றூர் மருத்துவமனையில் நர்ஸ். குளிர்காலத்தில் சில நாட்கள் அந்த மலைப் பாதை முழுக்க வெள்ளையாகிவிடும். பெரிய பிக்கப் வைத்திருப்பவர்கள் பனியில் விளையாட வருவார்கள். நான் என் பழைய சின்னக் காரில் அதே பாதையில் டூட்டிக்குப் போக வேண்டும்.

பனிக்கான டயர் கேட்டுக் கடை கடையாக அலைந்தேன். “மாஃபி, இல்ல சிஸ்டர். இது சவூதி” என்று சிரித்தார் ஒருவர். சூப்பர்வைசரிடம் முறையிட்டால், “மெதுவா ஓட்டிட்டு வாங்க, லீவு மட்டும் கேக்காதீங்க” என்றார். வழுக்கி வழுக்கித்தான் கற்றுக்கொண்டேன். இறக்கத்தில் பிரேக்கை நம்பக் கூடாது. கியரைக் குறைத்து வண்டியை அதன் போக்கில் ஊர விட வேண்டும். முன்னால் போகும் வண்டிக்கு நிறைய இடம் விட வேண்டும். வெயில் படாத வளைவுகளில் பனி உறைந்து கண்ணாடி மாதிரி கிடக்கும்.

போன குளிர்காலத்தில் என் அண்ணன் தம்மாமிலிருந்து தன் மனைவி, என் மைனியோடு வந்தான். யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பனி வீடியோவைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தான். காலையில் கிளம்பும்போதே என் காரின் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

“அண்ணே, நான் ஓட்டுறேன். இந்த ரோடு எனக்குப் பழக்கம்.”

“ஏட்டி, நீ லைசென்ஸ் எடுக்கதுக்கு முந்தியே நான் சவூதி பூரா சுத்துனவன். சும்மா உக்காரு.”

வீட்டிலும் இப்படித்தான். அவன் வாய் திறந்தால் நான் மூட வேண்டும். மூடிக்கொண்டு பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தேன்.

மேலே ஏறும்போது எல்லாம் சரியாகவே இருந்தது. போட்டோ எடுத்தோம், மைனி பனியை உருட்டி அவன் மேல் எறிந்தாள். இறங்கும்போதுதான் வினை வந்தது. நிழல் விழுந்த ஒரு வளைவுக்குக் கீழே ஒரு குடும்பம் ரோட்டோரத்தில் பாய் விரித்து டீ குடித்துக்கொண்டிருந்தது. அவர்களைக் கண்டதும் அண்ணன் பிரேக்கை ஓங்கி மிதித்தான். சக்கரங்கள் நின்றுவிட்டன. கார் நிற்கவில்லை. மூக்கு ஒரு பக்கம் திரும்ப, சத்தமே இல்லாமல் அவர்களை நோக்கிச் சறுக்கியது.

“பிரேக்க விடுண்ணே! விடு!”

அவன் இன்னும் அழுத்தினான். நான் அவன் தொடையில் ஓங்கி அடித்தேன். கால் விலகியது. சக்கரம் உருண்டதும் ஸ்டியரிங்கை மலைப் பக்கமாக இழுத்தேன். ஓரத்து மண்மேட்டில் இடித்துக் கார் நின்றது. பாயிலிருந்தவர்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியிருந்தார்கள். கவிழ்ந்த கெண்டியிலிருந்து டீ பனியில் வழிந்தது. அந்தக் குடும்பத்துப் பெரியவர் வந்து அரபியில் கத்தினார். எனக்குத் தெரிந்த அரபியில் மன்னிப்புக் கேட்டேன். அண்ணன் இறங்கவேயில்லை. வண்டியை எடுப்பதாக ஆக்சிலேட்டரை அழுத்திக்கொண்டேயிருந்தான். சக்கரம் சுழன்று பனிக்குள் ஆழமாகப் புதைந்தது.

“இறங்கு” என்றேன். அவனிடம் அப்படி ஒரு குரலில் நான் பேசியதே இல்லை. இறங்கினான்.

ரப்பர் மிதியடிகளை உருவி முன் சக்கரங்களுக்கு அடியில் செருகினேன். மைனி பின்னால் நின்று தள்ளினாள். சத்தம் போட்ட பெரியவரும் வந்து தோள் கொடுத்தார். நான் ஏறி ஆக்சிலேட்டரை மெல்ல, மிக மெல்ல அழுத்தியதும் வண்டி வெளியே வந்தது. அண்ணனையும் மைனியையும் ஏற்றிக்கொண்டு, தாழ்ந்த கியரில் நடை வேகத்தில் இறக்கினேன். பின்னாலிருந்த பிக்கப்புகள் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தன. அடிக்கட்டும் என்று விட்டேன்.

கீழே டீக்கடையில் நிறுத்தி மூன்று டீ சொன்னேன். அண்ணன் அதற்குள் தம்மாம் நண்பனிடம் போனில் பேசிக்கொண்டிருந்தான்.

“வண்டி கொஞ்சம் வழுக்கிட்டு, பாத்துக்க. நான் ஒரு மாதிரி சமாளிச்சி இறக்கிட்டேன்.”

மைனி என்னைப் பார்த்தாள். “எத்தன வருசமா இதக் கேக்கேன் தெரியுமா?” என்றாள் தாழ்ந்த குரலில்.

போனை வைத்துவிட்டு அவன் என் பக்கம் திரும்பினான். “ஒன் வண்டிதான் சரியில்ல. அடுத்த வருசம் பெரிய வண்டி எடுத்துட்டு வாரேன்.”

“வண்டியில ஒரு கோளாறும் இல்லண்ணே” என்றேன். அவன் அடுத்த நண்பனைக் கூப்பிட ஆரம்பித்திருந்தான்.