அப்பாவுக்குக் கட்டிய முகமூடி

எருமப்பட்டிப் பக்கத்தில் எங்கள் ஊருக்குள் நான் ஏரோப்பிளேன் ஓட்டுகிறேன் என்றுதான் பேச்சு. அதைக் கிளப்பிவிட்டவர் அப்பா. விமானப்படையில் என் வேலை ஓட்டுவதல்ல. ஓட்டுகிறவரின் ஹெல்மெட்டில் ஆக்சிஜன் முகமூடியை மாட்டிச் சரிபார்ப்பது. இதைச் சொன்னால் அப்பாவுக்குக் கோபம் வரும். "நீ மூடி மாட்டாட்டி அவன் எப்படிச் சாமி ஓட்டுவான்? அப்ப நீ ஓட்டறதாத்தான் அர்த்தம்" என்பார்.

எழுபத்தொன்பதோ எண்பதோ, லீவில் வந்திருந்தேன். கடலைக்கொடியில் காய் ஆய்ந்துகொண்டிருந்தபோது, அந்த மூடி எப்படிக் கழலாமல் நிற்கிறது என்று கேட்டார். அவர் தலைத்துண்டுதான் ஹெல்மெட் என்று வைத்துக்கொண்டு, என் உள்ளங்கையைக் குவித்து அவர் மூக்கும் வாயும் மூடும்படி வைத்தேன். ரப்பர் மூடி. இரண்டு பக்கமும் வார், வார் முனையில் நாக்குப்போல ஒரு இரும்புத் துண்டு. ஹெல்மெட்டின் இரண்டு கன்னத்திலும் அது நுழைய ஒரு சந்து. உள்ளே தள்ளினால் டக், டக்கென்று பல் பல்லாக ஏறிப் பிடித்துக்கொள்ளும். முதல் டக்கில் தளர்ச்சி, கடைசி டக்கில் இறுக்கம். மாட்டியதும் காற்றுக் குழாயைக் கையால் அடைத்து, மூச்சிழுக்கச் சொல்வேன். மூடி முகத்தோடு ஒட்டினால் சரி. ஒட்டாவிட்டால் எங்கேயோ கசிகிறது. ஓரமாக விரலை ஓட்டித் தேடுவேன். உயரத்தில் போனபின் கசிந்தால், அந்த ஆள் தனக்கே தெரியாமல் மயங்கிவிடுவார்.

அப்பா என் கையை விலக்கிவிட்டுச் சிரித்தார். "அட, இத்தனைதானா! கன்னுக்குட்டிக்கு வாய்க்கூடு போடறாப்பல." எனக்குச் சுருக்கென்றது. பத்து வருடம் பழகிய வேலை அவருக்குக் கன்றுக்குட்டி வாய்க்கூடாம்!

அவருக்கு மூச்சிழுப்பு உண்டு. மூன்று நான்கு வருடம் கழித்துத் தந்தி வந்தது. ரயிலிறங்கி நேராகச் சேலத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். காலை நேரம். அம்மா மாடு கன்றைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஊருக்குப் போயிருந்தாள். அப்பா முகத்தில் பிளாஸ்டிக் மூடி. அதன் எலாஸ்டிக் தொளதொளவென்று கிடந்தது. கன்னம் ஒட்டிப்போன முகத்தில் மூடி உட்காரவே இல்லை. பாதிக் காற்று அவர் கண்ணுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது.

நர்சம்மாவிடம் கட்டுத்துணி கேட்டேன். "ஏனுங்க, உங்களுக்குக் கட்டத் தெரியுங்களா?" என்றார்.

"அதைச் செஞ்சுதாங்க நான் சோறு திங்கறேன்."

ஒரு பட்டையைப் பிடரிக்குக் கொடுத்தேன். இன்னொன்றை முகவாய்க்கு அடியில் கொடுத்து, கன்னம் வழியாக ஏற்றி, உச்சந்தலையில் முடிந்தேன். ஓரமெல்லாம் விரலை ஓட்டிப் பார்த்தேன். கசிவில்லை. கொஞ்ச நேரத்தில் நெஞ்சின் ஏற்ற இறக்கம் தணிந்து கண்ணயர்ந்தார். எனக்கு வந்த கர்வத்தைக் கேட்கவா வேண்டும்! மருந்துச் சீட்டோடு வெளியே போனவன், நின்று டீ வேறு குடித்தேன்.

திரும்பிப் படியேறும்போதே ஒப்பாரி கேட்டது. அம்மாவின் குரல்.

எங்கள் பக்கம் உயிர் போனதும் வாய் திறந்துகொள்ளாமலிருக்க, முகவாய்க்கு அடியில் வெள்ளைத்துணி கொடுத்து உச்சந்தலையில் முடிச்சுப் போடுவோம். வாய்க்கட்டு என்போம். நான் கட்டியிருந்தது அச்சு அசல் அதேதான். பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த அம்மா வார்டு வாசலிலிருந்தே அதைப் பார்த்துவிட்டாள். எத்தனை சாவில் கூட நின்றிருக்கிறேன், இந்த மடையனுக்கு அது தோன்றவில்லை.

நான் ஓடிப் போனபோது அம்மா மாரில் அடித்துக்கொண்டிருந்தாள். அப்பா கண்ணைத் திறந்து, தன் ஒப்பாரியைத் தானே கேட்டுக்கொண்டு படுத்திருந்தார். உயிர் இருக்கிறது என்று கண்டதும் அம்மா பாய்ந்து முடிச்சைப் பிய்த்தாள். "உசுரோட இருக்கற மனுசனுக்கு வாய்க்கட்டுக் கட்டிப்போட்டயே, பாவி! எமனுக்கு அடையாளம் வெச்சுக் குடுக்கறயா?" மூடி நழுவியது. மறுபடி கட்டப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உடும்மா! நீயே அவரைக் கொன்னுபோடுவ!" வார்டு முழுக்கக் கேட்கக் கத்தினேன்.

அப்பா மூடியைத் தானே தூக்கினார். இருந்த கொஞ்ச மூச்சையும் இதற்குச் செலவழித்தார். "உங்கம்மாளத் திட்டாத சாமி. பயந்துக்கறா. கட்டு வேண்டாம்... நீ கையில புடிச்சுக்க."

பிடித்தேன். கட்டிலோரம் முட்டி போட்டு, கை மாற்றி மாற்றிப் பிடித்தேன். வார் பிடிப்பதுபோலக் கை பிடிக்குமா? மரத்துப்போகும், நழுவும். நழுவியபோதெல்லாம் அப்பா என்னைப் பார்த்தார். அம்மா அவர் காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். விளக்குப் போடும் நேரத்துக்கு முன்னால், மூடிக்குள் படிந்து படிந்து கலைந்த ஆவி படியாமல் நின்றுவிட்டது.

நுரையீரல் முன்னமே போய்விட்டது, கட்டியிருந்தாலும் தாங்கியிருக்காது என்றார் டாக்டர். அம்மா அதைக் காதில் வாங்கவில்லை. நான் கத்தியதை மட்டும் நம்பிவிட்டாள். சாகும்வரை நம்பினாள். அது பொய்யென்று அவளிடம் ஒரு தடவை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, எனக்கும் அப்போது கோபம் ஆறவில்லை.

அன்று டாக்டர் நகர்ந்ததும் அம்மா கட்டிலுக்கடியில் குனிந்து, தான் பிய்த்துப் போட்ட அந்தத் துணியைத் தேடி எடுத்தாள். உதறி என்னிடம் நீட்டினாள்.

"இப்பக் கட்டு சாமி."

மூடியை எடுத்துவிட்டுக் கட்டினேன். முகவாய்க்கு அடியில் கொடுத்து, கன்னம் வழியாக ஏற்றி, உச்சந்தலையில் முடிந்தேன். முடிந்த கையோடு என் விரல், பழக்கத்தில், மூடியில்லாத அந்த முகத்தில் கசிவு தேடிக்கொண்டு போயிற்று.