ரெண்டு நிமிஷம் அக்கா

லிஃப்ட் கம்பெனியின் புகார் மேசையில் பதினொரு வருடமாக உட்கார்ந்திருந்த அவளுக்கு அங்கே ஒரு பட்டப்பெயர் உண்டு: ரெண்டு நிமிஷம் அக்கா. யார் கூப்பிட்டு எவ்வளவு கத்தினாலும் "ரெண்டு நிமிஷம் சார், மெக்கானிக்கைப் புடிச்சிடறேன்" என்பாள். மெக்கானிக் போய்ச் சேர இரண்டு மணி நேரமும் ஆகும், இரண்டு நாளும் ஆகும், அது வேறு கதை. அவள் குரலைக் கேட்டதும் கத்துகிறவர்கள் அடங்கிவிடுவார்கள். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு அழுதவர்களிடம், கதவு திறக்கும்வரை அவர்கள் வீட்டுப் பூனையைப் பற்றிக்கூட விசாரித்துக்கொண்டிருந்திருக்கிறாள். மனசு கெட்டவள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொன்னால் வக்காலத்து வாங்குவதுபோல் இருக்கும்.

அந்த மேசையிலிருந்து எழுந்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு. மேலாளராக வந்த மூன்று பையன்களுக்கு அவள்தான் வேலை சொல்லிக்கொடுத்தாள். மூவரும் நிர்வாகப் படிப்பு படித்தவர்கள், அவள் படிக்கவில்லை. அந்தப் படிப்புக்கான நுழைவுத் தேர்வை வருடத்துக்கு ஒன்றாக இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் கோட்டைவிட்டாள். மூன்றாவதுதான் கடைசி என்று வீட்டில் அவளே அறிவித்துவிட்டாள். ஆறு மாதமாகக் கணவன்தான் சமைத்தான், மகளுக்குத் தலை பின்னினான், பள்ளிக்குக் கிளப்பினான். பின்னல் கோணல்மாணலாக இருக்கும், மகள் வாயைத் திறக்க மாட்டாள். இதற்கு மேல் அவர்களிடம் எந்த முகத்தோடு கேட்பது? கல்லூரிக்கு வேலை செய்யும் இடத்திலிருந்து ஒரு நன்னடத்தைக் கடிதமும் வேண்டும். தருவதாக மேலாளர் சொல்லியிருந்தார்.

போன் வராத நேரத்தில் இழுப்பறைக்குள் பயிற்சிப் புத்தகம் திறந்தே கிடக்கும். பக்கத்தில் கைபேசியில் டைமர். ஒரு கேள்விக்கு இரண்டே நிமிடம். அவளைக் கவிழ்த்தது ஒரே வகைக் கேள்விதான். ஒரு கேள்வி கேட்டு, கீழே இரண்டு விவரங்கள் கொடுப்பார்கள். விடையைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கண்டுபிடிக்க அந்த விவரங்கள் போதுமா, போதாதா என்று மட்டும் சொல்ல வேண்டும்.

"விடையே வேண்டாமா? அப்புறம் எதுக்கு அந்தக் கேள்வி?" என்று கணவன் ஒருநாள் கேட்டான்.

"அதான் நிர்வாகம்" என்றாள் அவள்.

பயிற்சி வகுப்பு வாத்தியார் ஒரு வழி சொல்லியிருந்தார்: "தெரியலைன்னா 'போதாது'ன்னு அமுக்கிட்டு அடுத்ததுக்கு நகருங்க. நின்னீங்க, போச்சு." அவள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். நிற்காமல் நகரப் பழகப் பழக மார்க்கும் ஏறியது.

அவள் முணுமுணுத்துப் படிப்பதை ஒருநாள் தலைமை மெக்கானிக் டீ டம்ளரோடு நின்று கேட்டார். "நான் ஒண்ணு கேக்கறேன், சொல்லு பாப்போம். ஒரு லிஃப்ட், ஆள் நிறைய ஏறினா தளத்துக்கு ரெண்டு விரல் கீழ இறங்கி நிக்குது. என்ன கோளாறுன்னு சொல்ல இது போதுமா?"

"போதாது."

"சரி. அதே லிஃப்ட், காலியா இருந்தா ரெண்டு விரல் மேல ஏறி நிக்குது. இப்போ?"

அவள் டைமரை நிறுத்தினாள்.

"இப்போ போதும். பிரேக் பிடிக்கல. ஒரு பக்கம் ஆள் ஏறுற பெட்டி, இன்னொரு பக்கம் அதுக்கு ஈடா எடைக்கட்டை. எது கனமோ அது கரண்டே இல்லாட்டியும் இழுத்துக்கிட்டுப் போகுது. அந்த நிமிஷமே லிஃப்டை மூடச் சொல்லணும், இல்லேன்னா ஆள் காலி." டம்ளரை வைத்துவிட்டுச் சிரித்தார். "ஆனா இதெல்லாம் உன் பரீட்சைல வராது."

அவளும் சிரித்தாள். டைமரை மறுபடி ஓடவிட்டாள்.

தேர்வுக்கு முந்திய திங்கட்கிழமை, ஆறு மாடிக் குடியிருப்பு ஒன்றிலிருந்து வாட்ச்மேன் கூப்பிட்டார். வயசான குரல், பேசுவதற்கு முன்னால் ஒருமுறை செருமும். "மேடம், லிஃப்ட் சரியா நிக்க மாட்டேங்குது. நாலஞ்சு பேர் ஏறினா ரெண்டு விரல் கீழ போயிடுது. ஒரு அம்மா தடுக்கி விழுந்துட்டாங்க." அவள் எழுதிக்கொண்டாள். சாதாரணப் புகார், ஏழு நாளுக்குள் ஆள் வருவார். "ரெண்டு நிமிஷம்ணே, மெக்கானிக்குக்குச் சொல்லிடறேன்."

வியாழக்கிழமை மறுபடி அவர். அப்போது அவள் முன்னால் ஒரு கேள்வி பாதி பிடிபட்டு நின்றது. டைமரில் ஐம்பது நொடி மிச்சம்.

"மேடம், அதே லிஃப்ட்தான். இப்போ யாரும் இல்லாதப்ப மேல ஏறி நிக்குது. எனக்கு என்னவோ இது சரியாப் படல."

கண் புத்தகத்தில் இருந்தது. காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. அதே கட்டடம், அதே லிஃப்ட், நேராக நிற்கவில்லை. 'ஏற்கெனவே பதிவான புகார்' என்ற பொத்தானை அமுக்கினாள். அதை அமுக்கினால் புதிதாக எதையும் எழுத வேண்டாம். "பதிஞ்சிருக்குண்ணே, வந்துடுவாங்க." போனை வைத்தாள். கேள்விக்கு விடை சரி. பன்னிரண்டு நொடி மிச்சமும் பிடித்திருந்தாள்.

வெள்ளியும் சனியும் விடுப்பு. சனிக்கிழமைப் பயிற்சித் தேர்வில் அதுவரை வாங்காத மார்க் வாங்கினாள். ஆனாலும் எதையோ அடுப்பில் வைத்துவிட்டு வந்த மாதிரி ஒரு பதைப்பு வந்து வந்து போனது. பரீட்சை பயம் என்று தள்ளிவிட்டாள். வேறு என்னவாக இருக்கும்?

ஞாயிற்றுக்கிழமை காலை தேர்வு மையத்தில் கைபேசியை வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியைக் கொடுத்தார்கள். நடுவில் எழுந்து போனால் தேர்வு அத்தோடு முடிந்தது, திரும்ப வர முடியாது என்று இரண்டு முறை சொன்னார்கள். நாற்காலிகள் குளிர்ந்து கிடந்தன. எலி ஓடுவது மாதிரி எங்கும் விசைப்பலகைச் சத்தம்.

பத்தொன்பதாவது கேள்வி அவள் பயந்த வகை. ஒரு தராசு, அதன் வலத் தட்டு மூடியிருக்கிறது. அதற்குள் எடை இருக்கிறதா? முதல் விவரம்: இடத் தட்டில் ஐந்து கல் வைத்தால் அது கீழே போகிறது. இரண்டாவது விவரம்: கற்களை எடுத்தால் அதே தட்டு மேலே போகிறது.

நாலைந்து பேர் ஏறினால் கீழே. யாரும் இல்லாவிட்டால் மேலே.

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்தச் செருமல் காதுக்குள் கேட்டது. ஆறு மாடி. ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். திரையின் மூலையில் இன்னும் முப்பத்தெட்டு நிமிடம் என்றிருந்தது.

எழுந்தால் ஆறு மாதமும் போச்சு, மூன்று வருடமும் போச்சு. எழாவிட்டால்? மெக்கானிக் வெள்ளிக்கிழமையே போயிருக்கலாம். சரிசெய்தும் இருக்கலாம். தெரியாது. தெரியாதபோது என்ன செய்ய வேண்டும் என்றுதான் அவளுக்கு ஆறு மாதமாகப் பழக்கமாயிற்றே. நகர வேண்டும்.

அவள் எழுந்திருக்கவில்லை. எழுந்து ஓடினாள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அவள் இருபதாவது கேள்விக்குப் போனாள், இருபத்தொன்றுக்குப் போனாள். முதுகெல்லாம் வியர்த்து வழிய, ஒன்றுகூடத் தப்பில்லாமல் போட்டாள். முடித்ததும் திரையில் மார்க் வந்தது. கேட்ட கல்லூரி கிடைக்கும். அதைப் பார்த்த கையோடு வெளியே விரைந்தாள்.

பூட்டைத் திறந்து கைபேசியை எடுத்தாள். புகார் மேசையில் இருந்தவரிடம் வாட்ச்மேனின் எண்ணைக் கேட்டு வாங்கி, படிக்கட்டில் நின்று அவரைக் கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி கூப்பிட்டாள். யாரும் எடுக்கவில்லை. மூன்றாவது முறை, பின்னால் ஒரே கூச்சல், நடுவில் செருமல்.

"அண்ணே! லிஃப்ட்..."

"போயிடுச்சு மேடம். அரை மணி இருக்கும். யாரும் தொடல, தானா விர்ருன்னு மேல போய் உச்சில இடிச்சிடுச்சு. கட்டடமே அதிர்ந்துச்சு."

"உள்ள யாரு?"

"யாரும் இல்ல. நான்தான் வெள்ளிக்கிழமையே மெயின் சுவிட்சை அணைச்சு, கதவைச் சங்கிலி போட்டுப் பூட்டிட்டேனே. எல்லாரும் வாய்க்கு வந்தபடி திட்டினாங்க."

அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். "உங்களுக்கு எப்படிண்ணே தெரிஞ்சுது?"

"எங்க தெரிஞ்சுது மேடம்? தெரியாமத்தான் மூடினேன். தெரிஞ்சிருந்தா உங்களுக்கு எதுக்குப் போன் பண்ணப் போறேன்?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "இப்போ நான் எதையோ நோண்டிக் கெடுத்துட்டேன்னு சொல்றாங்க மேடம். இன்னைக்கே இடத்தைக் காலி பண்ணச் சொல்றாரு குடியிருப்புச் சங்கச் செயலாளர். மேல போய் நிக்குதுன்னு வியாழக்கிழமையே சொன்னேன், அந்த மேடம் எழுதி வச்சிருப்பாங்கன்னு சொல்லியிருக்கேன். எழுதினீங்கல்ல?"

பதினொரு வருடப் பழக்கம், ரெண்டு நிமிஷம்ணே என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினாள்.

"எழுதலண்ணே. நீங்க சொன்னீங்க. நான்தான் பழைய புகார்னு தள்ளிட்டேன்."

அந்தப் பக்கம் அவர் ஒருமுறை செருமினார். "இதை இங்க வந்து சொல்வீங்களா மேடம்?"

"இப்பவே வரேன்."

வாசலில் கணவன் மகளோடு நின்றான். அவள் முகத்தைப் பார்த்து, "என்ன, இந்தத் தடவையும் இல்லையா?" என்றான், பரவாயில்லை என்று சொல்லத் தயாரான குரலில்.

"மார்க் வந்துடுச்சு" என்றாள். அவன் மகளைத் தூக்கிச் சுற்றினான். இறக்கிவிடும்வரை காத்திருந்து, மேலாளர் தருவதாகச் சொன்ன கடிதம் இனிமேல் வராது என்று சொன்னாள். ஏன் என்று அவன் கேட்டதற்கு, அந்தக் குடியிருப்புக்கு எந்தப் பேருந்து போகும் என்று கேட்டாள்.