தாலியில் மாட்டிய ஊக்குகள்

அன்று என் வீட்டுக்காரருக்கு இருதய ஆபரேஷன். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் அவசரத்தில் என் தாலிச்சங்கிலி அறுந்து, வாசல் சாக்கடையின் சிமெண்டு மூடி இடுக்கில் விழுந்துவிட்டது. நேரமோ ஓடுகிறது. வெறுங்கழுத்தோடு எப்படிப் போவேன்?

பக்கத்துப் பழைய சாமான் கடை பாய், உடைந்த ஸ்பீக்கரிலிருந்து காந்தத்தைக் கழற்றி வந்தார். "இதுதான்கா ரொம்ப பலமானது. ஆனா இரும்பைத்தான் இழுக்கும், தங்கம் ஒட்டாதேக்கா!"

எனக்குச் சொல்ல வெட்கம். தங்கத்தில் இரும்பை மாட்டுவதாக வீட்டுக்காரர் தினமும் திட்டுவார். தலையைக் குனிந்துகொண்டே, "சங்கிலியில நாலு ஊக்கு மாட்டியிருக்கேன் பாய்," என்றேன்.

"முதல்லயே சொல்லக் கூடாதாக்கா!"

கயிற்றில் இறங்கிய காந்தம், ஊக்கோடு தாலியையும் சேறு சொட்டச் சொட்ட மேலே கொண்டுவந்தது. கழுவி, மஞ்சள் கயிற்றில் ஊக்குகளோடு கட்டிக்கொண்டு ஓடினேன்.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தவர் என் கழுத்தைப் பார்த்தார். "இன்னும் அந்த ஊக்கைக் கழட்டலையா நீ?"

அவர் திட்டியது எனக்கு இனித்தது அன்று ஒருநாள்தான்.