வீட்டுக்குள் ஒரு படிக்கட்டு

சினிமாவில் காதலிக்கிறவர்களுக்கு மட்டும் எங்கிருந்துதான் அப்படி வீடு கிடைக்கிறதோ! கூடத்து நடுவில் வளைந்து இறங்கும் படிக்கட்டு. மேலே அவள், கீழே அவன். அவள் ஒரு படி இறங்குவாள், அவன் அண்ணாந்து பார்ப்பான், உடனே பாட்டு. அந்த வீட்டில் யாரும் துணி காயப்போட மாட்டார்கள், மீன் பொரிக்க மாட்டார்கள், குளிக்கிறவரை அவசரப்படுத்திக் கதவைத் தட்டவும் மாட்டார்கள். எனக்கோ எழுதப் படிக்கத் தெரியாது. படத்துக்கு அடியில் ஓடுகிற எழுத்தை விட்டுவிட்டு வீட்டைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பார்த்துப் பார்த்து எனக்கும் ஓர் ஆசை. ஒரே ஒரு தடவை நான் படியிறங்கி வர வேண்டும், என் வீட்டுக்காரர் கீழே நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும். எழுபது தாண்டியும் அது என்னை விட்டுப் போகவில்லை.

அவர் தன் ஆசையை என்னிடம் சொன்ன விதத்தையும் கேளுங்கள். அப்போது அவருக்கு ஜூரோங்கில் கப்பல் பட்டறை வேலை. பஸ் நிறுத்தத்தில் என்னிடம் ஒரு தாளை நீட்டினார். பூ கீ ஒன்றும் இல்லை.

"வீட்டுக்கு எழுதிப் போடலாமா?"

அவ்வளவுதான். அரசாங்க வீட்டுக்கு ஆணும் பெண்ணும் சேர்ந்து மனு எழுதிப் போட்டால் இந்த ஊரில் அது கல்யாணப் பேச்சு. அலுவலகத்துக்குப் போய்க் கட்டைவிரல் ரேகை வைத்தேன். இடது கை, நல்லவேளை, சோறு சாப்பிடத் தடையில்லை. இரண்டு நாள் அந்த மையைத் தேய்த்துக் கழுவவே இல்லை. கிடைத்தது பூன் லேயில் நாலாவது மாடி வீடு. இன்றைக்கும் அதில்தான் இருக்கிறோம். உள்ளே படி ஏது? கட்டில் போட்டதும் நடக்கவே இடமில்லை.

போன மாதம் பக்கத்து வீட்டுப் பெண் ஒரு செய்தி சொன்னாள். ஈசூனில் ஒரு வீடு விலைக்கு வருகிறதாம். ஒரே வீட்டுக்குள் மேலும் கீழுமாக இரண்டு தளம், நடுவில் படி. ஞாயிற்றுக்கிழமை யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாமாம்.

"ஏங்க, சும்மா பாத்துட்டு வருவோமே."

"வாங்கப் போறியா? எந்த மகாராஜா வீட்டுக் காசுல?"

"பாக்கறதுக்கு எவன் காசு கேக்கறான்?"

பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்து நின்றேன். மேலும் கீழும் பார்த்தார்.

"வீடு பாக்கவா, பொண்ணு பாக்கவா?"

"ரெண்டும்தான், நடங்க."

வீட்டைக் காட்டிய ஏஜெண்ட் நம் தமிழ்ப் பெண்தான். செருப்பைக் கழற்றியதும் நான் நேரே படிக்குப் போனேன். "பாட்டி, ஸ்லோலா, முட்டி ஓக்கேவா?" என்று அவள் பின்னாலேயே வந்தாள். மேலே போய் மூச்சு வாங்கினேன், முந்தானையைச் சரி செய்தேன், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். பாதியில் நின்று கீழே பார்த்தேன்.

ஆளைக் காணோம்.

சமையலறையிலிருந்து குரல் மட்டும் வந்தது. "தண்ணி வேகமே பத்தல. குழாயெல்லாம் பழசு. இத யாரு வாங்குவா?"

ஏஜெண்ட் பெண்ணின் முகம் சுருங்கிப் போனது. என் முகத்தை நான் பார்க்கவில்லை. திரும்பவும் ஏறலாம்தான், ஆனால் முட்டி விடவில்லை.

வந்ததுதான் வந்தோம் என்று தேக்காவில் இறங்கிச் சந்தையில் முருங்கைக்காயும் கீரையும் வாங்கினோம். ரயிலில் அவர் குழாயைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். 

எங்கள் அடுக்குமாடி புளோக்கில் லிஃப்டுக்குள் பையோடு நின்றபோதுதான் பழசு ஞாபகம் வந்தது. முன்பெல்லாம் லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. ஆறில் இறங்கி இரண்டு மாடி கீழே நடக்க வேண்டும். சந்தைப் பையோடு என் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், அவர் இரண்டிரண்டு படியாகத் தாவி வந்து பையை வாங்கிக்கொள்வார். அப்புறம் எல்லா மாடியிலும் நிற்கிற லிஃப்ட் போட்டார்கள். எல்லோரும் கை தட்டினார்கள், நானும்தான் தட்டினேன். அதோடு அந்தப் படிப் பக்கமே எங்களுக்கு வேலையில்லாமல் போனது.

அவர் நாலை அமுக்கினார். நான் ஆறையும் அமுக்கினேன்.

நாலில் கதவு திறந்தது. சாவியைத் தேடிக்கொண்டே அவர் வெளியே போனார், நான் பின்னால் வருகிறேன் என்ற நினைப்பில். நான் நகரவில்லை. கதவு மூடிக்கொண்டது.

ஆறில் இறங்கி, அதே படியில் ஒவ்வொன்றாகக் கால் வைத்தேன். ஐந்தைத் தாண்டியிருப்பேன், கீழே சாவிக்கொத்துச் சத்தம்.

"ஏய், எங்க போன நீ?"

படித் திருப்பத்தில் நின்று எட்டிப் பார்த்தேன். கீழே அவர், அண்ணாந்து என்னையே பார்த்துக்கொண்டு.

"நம்பர்கூடவா மறந்துபோச்சு?"

"தப்பா அமுக்கிட்டேங்க."

"முட்டி வலியோட பட்டுச்சேலைல வர்றா பாரு. நில்லு, அங்கயே நில்லு." கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறி வந்தார். முன்னைப் போலத் தாவ முடியவில்லை. எனக்குத்தான் அவசரம், கொஞ்சம் சீக்கிரம் வரக்கூடாதா என்று. வந்ததும் கையை நீட்டினார்.

"பையக் கொண்டா."

கொடுத்தேன். எனக்கு எழுத்துதான் தெரியாது, நம்பர் நன்றாகத் தெரியும். அவருக்கும் அது தெரியும். ஆனாலும் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் இறங்கிப் போனார்.

இதை எழுதித் தருகிற பேத்தியிடம், தாத்தாவுக்குப் படித்துக் காட்டாதே என்று சொல்லியிருக்கிறேன். வருகிற ஞாயிறும் தேக்காவுக்குப் போகிறோம், திரும்பும்போது பையை நான்தான் வைத்திருப்பேன்.